மைட்டோகாண்ட்ரியா மாத்திரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு

வேண்டாம் என்பதுதான் பதில். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். மீதியெல்லாம் ஏன் வேண்டாம் என்பதற்கான கதை, அது கொஞ்சம் நீளம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்குப் பார்கின்சன் என்று டாக்டர் சொன்னதிலிருந்து குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஆளாளுக்கு ஒரு லிங்க் போடுகிறார்கள். மூளை செல்களுக்குள் ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உயிரூட்டும் கேப்ஸ்யூல், ஒரு டப்பா வாங்கினால் இன்னொன்று பாதி விலை, கூடவே வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் போர்டில் படம் வரைந்து விளக்கும் வீடியோ. நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கிறவள் என்பதால் கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். இதில் எரிச்சல் என்னவென்றால் அந்த வீடியோ பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன். பார்கின்சனில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பங்கு இருக்கிறது, அதுவும் சின்னப் பங்கு இல்லை. ஆனால் அது எப்படித் தெரியவந்தது என்று பார்த்தால்தான் மாத்திரை விற்கிறவர் எந்த இடத்தில் நைசாகத் தாவுகிறார் என்பது புரியும்.

பெரியப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை நடுங்க ஆரம்பித்ததற்கு வெகுநாள் முன்பே இந்த நோய் வீட்டுக்குள் தலைகாட்டியிருக்கிறது, ஆனால் அதையெல்லாம் யார் நோய் என்று நினைப்பார்கள்? பெரியம்மா கருவாடு வறுத்தால் தெருமுனையிலேயே மோப்பம் பிடித்து "இன்னைக்கு வாளையா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைகிற மனுஷன், அடுப்பில் நெத்திலி கருகிக்கொண்டிருக்க கூடத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். தூக்கத்தில் கையைக் காலை வீசுவது, யாரையோ திட்டுவது. தீராத மலச்சிக்கல். அப்புறம் கையெழுத்து. பென்ஷன் பணம் எடுக்கப் போன இடத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஸ்லிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை நான் வாங்கிப் பார்த்தேன். முதலெழுத்து பழைய அளவில்தான் இருக்கிறது, அடுத்தது அதைவிடச் சின்னது, போகப் போகச் சுருங்கிக் கடைசியில் ஒரு கோடும் புள்ளியும்தான் மிச்சம். கவுண்டரில் இருந்தவர் போலிக் கையெழுத்தோ என்று சந்தேகப்பட்டது பெரியப்பாவுக்கு நோயைவிடப் பெரிய அவமானம். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே வருகிறது என்று கண்டுபிடித்தது பெரியம்மா. மோப்பம் போவது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கைகால் ஆடுவது, மலச்சிக்கல் எல்லாம் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே வரக்கூடிய அறிகுறிகள் என்று இப்போது நரம்பியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வயதானால் இதெல்லாம் சகஜம் என்று நாம்தான் விட்டுவிடுகிறோம்.

சரி, மைட்டோகாண்ட்ரியா இதில் எங்கே வந்தது? அதற்குக் கலிஃபோர்னியா போக வேண்டும், 1982-க்கு. அங்கே போதை ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் சிலர் திடீரென்று உடம்பு விறைத்து, பேச முடியாமல், அசைய முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டுத் திகைத்துப்போனார், ஏனென்றால் வயதானவர்களுக்குப் பல வருடங்களில் முற்றிவரும் பார்கின்சன் இந்த வாலிபர்களுக்குச் சில நாட்களில் வந்திருக்கிறது. பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபாவைக் கொடுத்தால் அசைகிறார்கள், நிறுத்தினால் மறுபடி விறைப்பு. அவர்கள் போட்டுக்கொண்டது யாரோ கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயின். பக்குவம் தவறியதில் அதற்குள் எம்பிடிபி என்ற வேறொரு பொருள் உருவாகியிருந்தது. 1983-இல் 'சயின்ஸ்' இதழில் லாங்ஸ்டன் குழு இதை எழுதியது.

எம்பிடிபி வேலை செய்கிற விதம் இருக்கிறதே, படிக்கும்போது வயிற்றைக் கலக்கும். அது நேரடி விஷம் இல்லை. மூளைக்குள் சுலபமாக நுழைகிறது. அங்கே நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா செல்களில் உள்ள மாவோ-பி என்ற நொதி, தன் வழக்கமான வேலையைச் செய்வதாக நினைத்து, அதை எம்பிபி பிளஸ் என்ற விஷமாக மாற்றுகிறது. பார்கின்சனில் அழிவது, அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பு செல்கள். இந்த டோபமைன் செல்களின் மேற்பரப்பில், வெளியே விட்ட டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு கடத்திப் புரதம் உண்டு. அது இந்த விஷத்தையும் டோபமைன் என்று நம்பி உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போன விஷம் மைட்டோகாண்ட்ரியாவில் போய்ச் சேர்ந்து, எலக்ட்ரான் கடத்தும் சங்கிலியின் முதல் கண்ணியான காம்ப்ளெக்ஸ் 1-ஐ அடைத்துவிடுகிறது. செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் ஏடிபி என்ற பொருளின் உற்பத்தி விழுகிறது. வழி கிடைக்காத எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லையே அரிக்கும் பொருட்களாக மாறுகின்றன. செல் செத்துப்போகிறது. டோபமைன் செல் மட்டும் குறிவைத்துச் சாவதற்குக் காரணம் அதன் மேல் இருக்கும் அந்தக் கடத்திதான். (பெரியப்பாவின் மருந்துச் சீட்டில் இருக்கும் ராசாஜிலின் இதே மாவோ-பி நொதியைத் தடுக்கும் மாத்திரை. இருக்கிற டோபமைன் சீக்கிரம் சிதையாமல் காப்பதற்காகக் கொடுக்கிறார்கள்.)

சரி, அது போதை மருந்து போட்டவர்கள் கதை, நம் பெரியப்பா வெற்றிலைகூடப் போடாதவர் என்று கேட்கலாம். நியாயம். 1989-இல் லண்டனில் ஆந்தனி ஷாப்பிராவும் கூட இருந்தவர்களும், சாதாரணமாகப் பார்கின்சன் வந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, அதே காம்ப்ளெக்ஸ் 1 அங்கேயும் மந்தமாக இருந்ததைக் காட்டினார்கள். 2000-இல் அமெரிக்காவில் டிமோத்தி கிரீனமையர் குழு எலிகளுக்கு ரோட்டினோனைச் சிறிது சிறிதாக, தொடர்ந்து செலுத்தியது. ரோட்டினோன் சில கொடிகளின் வேரிலிருந்து எடுக்கும் நஞ்சு, இதுவும் காம்ப்ளெக்ஸ் 1-ஐத்தான் அடைக்கிறது, பல நாடுகளில் தண்ணீரில் கலந்து மீன் பிடிக்கவும், 'இயற்கைப் பூச்சிக்கொல்லி' என்ற பெயரில் தோட்டத்துக்கும் பயன்பட்டது. (நம் பக்கம் மீன் குட்டைகளில் போடுகிற இலுப்பைப் புண்ணாக்கு வேறு, அதில் வேலை செய்வது சபோனின்.) ரோட்டினோன் உடம்பில் எல்லா செல்லுக்குள்ளும் போகும், எந்தக் கடத்தியும் அதற்குத் தேவையில்லை. அப்படியிருந்தும் எலிகளின் மூளையில் பெரிதாக அடிபட்டது டோபமைன் செல்கள். நடை தளர்ந்தது, மீதமிருந்த செல்களில் பார்கின்சன் நோயாளிகளிடம் காணப்படும் அதே மாதிரியான புரதக் கட்டிகள்.

எல்லா செல்லுக்கும் ஒரே அடி விழுந்தால் இவை மட்டும் ஏன் முதலில் விழுகின்றன? எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பிடித்த கேள்வி இதுதான்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதிலும் நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்ற பகுதியின் டோபமைன் செல்கள் அடங்காத செலவாளிகள். எண்ணிக்கையில் சில லட்சம்தான். ஆனால் ஒவ்வொன்றின் நரம்பிழையும் கிளை விட்டுக் கிளை விட்டுப் பரந்து கிடக்கிறது. எலியின் ஒரு செல்லிலேயே எல்லாக் கிளைகளையும் சேர்த்து அளந்தால் சுமார் அரை மீட்டர் வருகிறது. மனிதனில் ஒரு செல்லுக்குப் பத்து லட்சத்துக்கும் மேலே சந்திப்புகள் இருக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். போதாததற்கு, யாரும் தூண்டாமலேயே தாளம் தவறாமல் துடித்துக்கொண்டிருப்பது இவற்றின் சுபாவம். ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் உள்ளே வருகிறது, அதை வெளியே தள்ள மறுபடி ஏடிபி செலவு.

பாடப் புத்தகத்தில் மைட்டோகாண்ட்ரியாவை செல்லின் பவர் ஹவுஸ் என்று போட்டு ஒரு மதிப்பெண் வினாவாக முடித்துவிடுகிறார்கள். இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது, "நம்ம நெய்வேலி மாதிரியா?" என்றார். இல்லை, அங்கேதான் சிக்கல். நெய்வேலியில் நிலக்கரி எரிந்தால் கம்பி வழியாகக் கடலூரில் விளக்கு எரியும். செல்லுக்குள் அந்தக் கம்பி கிடையாது. ஒரு மூலையில் செய்த ஏடிபியை நரம்பிழையின் கடைக்கோடிக்கு அனுப்ப வழி இல்லை, அதனால் மைட்டோகாண்ட்ரியாவே அங்கே போய் உட்கார வேண்டும். கைனசின் என்ற புரதம் அதைத் தூக்கிக்கொண்டு, செல்லுக்குள் இருக்கும் நுண்குழல் மேல் அடி மேல் அடி வைத்து நடக்கிறது. திரும்பி வருவதற்கு டைனீன் என்று வேறொன்று. "அப்போ வூட்டுக்கு வூடு ஜெனரேட்டரா? அதுவும் நடந்தே போவுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதேதான் பெரியப்பா.

அத்தனை தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மைட்டோகாண்ட்ரியா பழுதானால் யார் கவனிப்பது? இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு, அதைக் கண்டுபிடிக்க உதவியது பரம்பரைப் பார்கின்சன் இருந்த குடும்பங்கள். 1998-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்கின் என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், 2004-இல் இத்தாலியைச் சேர்ந்த என்சா மரியா வலன்டேயும் மற்றவர்களும் பிங்க்1. இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படிக் கூப்பிடுகின்றன என்பது அப்புறம்தான் துலங்கியது. நல்ல மைட்டோகாண்ட்ரியா பிங்க்1 புரதத்தை உள்ளே இழுத்து வெட்டி, இல்லாமல் ஆக்கிவிடும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவுக்கு இழுக்கிற சக்தி இருக்காது, ஏனென்றால் அதன் சவ்வில் மின்னழுத்தம் போய்விட்டது, அதனால் பிங்க்1 வெளியிலேயே தேங்கும். அப்படித் தேங்குவதே அடையாளம். அதைப் பார்த்துப் பார்கின் வருகிறது, யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை மேலெல்லாம் ஒட்டுகிறது, செல் அந்த மைட்டோகாண்ட்ரியாவைச் சுற்றி வளைத்துச் செரித்துவிடுகிறது. பார்கின் பழுதானதைத் தேடிப் போய் ஒட்டுகிறது என்று 2008-இல் ரிச்சர்ட் யூல் குழு காட்டியது. இந்த இரண்டு மரபணுவில் ஏதாவது ஒன்று கெட்டுப்போனவர்களுக்கு முப்பது, நாற்பது வயதிலேயே, சிலருக்கு அதற்கும் முன்பே, பார்கின்சன் வந்துவிடுகிறது.

இங்கே ஒரு விஷயம், நம் வீடுகளுக்காக. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டிஎன்ஏ உண்டு, 37 மரபணுக்கள், அம்மா வழியாக மட்டும் வரும் என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் அந்த டிஎன்ஏ தருவது 13 தான், மற்றதெல்லாம் செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணுக்களிலிருந்து வருகிறது. பார்கினும் பிங்க்1-உம் அந்த வகை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கெட்ட பிரதி வந்தால்தான் நோய். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒரே கெட்ட பிரதி இருக்கும் வாய்ப்பு கூடும். இளவயதில் கைநடுக்கம் வந்தவர் குடும்பத்தில் இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசனைக்குப் போய் வருவதில் தப்பில்லை. பெரியப்பா மாதிரி அறுபதுக்கு மேல் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒற்றை மரபணுக் காரணம் இருக்காது, அதனால் பிள்ளைகள் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

நரம்பு செல்கள் அழியும் மற்ற நோய்களான அல்சைமர், ஏஎல்எஸ், ஹன்டிங்டன் எல்லாவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அல்சைமரில் மூளையின் சில பகுதிகள் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொள்வது பெட் ஸ்கேனிலேயே தெரியும். ஆனால் அங்கே எது முதலில், எது விளைவு என்று இன்னும் சண்டை ஓயவில்லை. பார்கின்சனில் இருக்கிற அளவு நேரடிச் சான்று அவற்றில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். வீடியோக்காரர் இதுவரை சரியாகத்தான் வந்தார்: மைட்டோகாண்ட்ரியா கெட்டால் பார்கின்சன் வரும். அடுத்த வாக்கியத்தில் தாவுகிறார்: ஆகவே மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டியதைக் கொடுத்தால் பார்கின்சன் போகும். இந்தத் தாவலை உலகம் ஏற்கனவே நல்ல செலவு செய்து சோதித்துப் பார்த்துவிட்டது. எலக்ட்ரான் சங்கிலியில் காம்ப்ளெக்ஸ் 1-இடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது கோஎன்சைம் க்யூ10. அந்த கேப்ஸ்யூல் டப்பாவின் லேபிளிலும் முதல் பெயர் அதுதான். ஆரம்பத்தில் ஒரு சின்னச் சோதனையில் நம்பிக்கை தெரிந்தது. பிறகு பார்கின்சனின் ஆரம்ப நிலையில் இருந்த 600 பேரிடம், தினம் 1200 மில்லிகிராம், 2400 மில்லிகிராம் என்று கொடுத்து, இன்னொரு பிரிவுக்கு வெறும் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்டார்கள். பலன் தெரியும் வாய்ப்பே இல்லை என்று சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், முடிவு 2014-இல் வெளியானது. டப்பாவில் ஒரு கேப்ஸ்யூலுக்கு 100 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கிரியேட்டினும் அப்படித்தான். 1741 பேர், தினம் 10 கிராம், அதுவும் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. பிறவியிலேயே கோஎன்சைம் க்யூ10 குறைபாடு உள்ள அரிதான சில நோயாளிகளுக்கு அது நிஜமாகவே மருந்து. அவர்கள் கதை வேறு.

ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பல ஊகங்கள். விழுங்கியது மூளைக்குள் போதிய அளவு போய்ச் சேர்கிறதா என்பது ஒன்று. கை நடுங்கி டாக்டரிடம் போகும் நேரத்துக்கு டோபமைன் செல்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும், போன செல்லுக்கு எதைக் கொடுத்து என்ன என்பது இன்னொன்று. எப்படியோ, நமக்குத் தெரிந்ததெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுப்பது எப்படி என்றுதான். சரிசெய்யும் வித்தை இன்னும் கைக்கு வரவில்லை.

அந்தக் காசுக்குப் பெரியப்பாவுக்கு நான் சிபாரிசு செய்தது நல்ல ஷூ. விரைவு நடை, சும்மா உலாத்துவது இல்லை. எலிகளை ஓடவிட்டுப் பழக்கினால் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஜான் ஹாலோஸி 1967-லேயே காட்டிவிட்டார். அது தசை, மூளையிலும் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2018-இல் வந்த ஒரு சோதனையில், புதிதாகப் பார்கின்சன் கண்டவர்களை, உச்ச இதயத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் வரை ஏறும்படி டிரெட்மில்லில் நடக்கவிட்டபோது, ஆறு மாதத்தில் அவர்களின் அசைவுக் குறைபாடு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது, வழக்கப்படி இருந்தவர்களுக்குக் கூடியது. 128 பேர்தான், சின்னச் சோதனைதான், இருந்தாலும் கேப்ஸ்யூல் இவ்வளவுகூடக் காட்டவில்லை. இதயம் தாங்குமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம். பீச் ரோட்டில் சாயந்திரம் வண்டிகளை நிறுத்திவிடுவதால் வசதி. தலைமைச் செயலகம் பக்கமிருந்து டூப்ளே சிலை வரை, பேசினால் மூச்சு வாங்க வேண்டும் என்பது கணக்கு. தெரிந்தவர் யாராவது எதிரே வந்து நின்று பேசத் தொடங்கினால் போச்சு, அதற்காகவே பெரியம்மா கூடப் போய் "அப்புறம் பேசிக்கலாம்ணே" என்று வெட்டிவிடுகிறார்.

இன்னொன்று மாத்திரை நேரம். இதை யாரும் வீடியோ போடுவதில்லை. லெவோடோபா ஒரு அமினோ அமிலம், சாப்பாட்டுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு ஒரே வாசலில் முட்டி மோதித்தான் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக வேண்டும். மத்தியானம் வஞ்சிரக் குழம்பும் வறுவலுமாகச் சாப்பிட்டுவிட்டுக் கையோடு மாத்திரையைப் போட்ட நாட்களில் மூன்று மணிக்கெல்லாம் பெரியப்பாவின் கை டம்ளரைத் தட்டிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் அதே மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது. பூனைக்காலி விதையைப் பற்றியும் கேட்கிறீர்கள். அதில் லெவோடோபா இருப்பது நிஜம், 1937-லேயே தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். இருப்பதால்தான் பயப்பட வேண்டும். மாத்திரையோடு அந்தப் பொடியையும் டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்தால் அளவு எகிறும்.

ஆனால் இவ்வளவையும் படித்தபின் எனக்குக் கவலை பெரியப்பாவைவிடப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் சித்தப்பாவைப் பற்றித்தான். களைக்கொல்லி அடிக்கிறார். லுங்கியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முகத்தில் ஒரு துண்டு, கேனைத் தோளில் மாட்டினால் மூடி ஒழுகி முதுகு நனையும். அந்தக் கேனில் இருப்பது பேராகுவாட். எம்பிபி பிளஸ்ஸின் வேதியியல் படத்தையும் இதன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒட்டிப்பிறந்த சாடை தெரியும். செல்லுக்குள் வேலை செய்கிற விதம் அதே மாதிரி இல்லை, இது ஆக்சிஜனை அரிக்கும் பொருளாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2011-இல் அமெரிக்க விவசாயிகளிடம் நடந்த ஆய்வில் பேராகுவாட்டோ ரோட்டினோனோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்கின்சன் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டது. தொடர்பு வேறு, காரணம் வேறு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். ஐரோப்பிய யூனியனில் 2007-லேயே இதற்குத் தடை. நம் பக்கம் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டால் முறிவு மருந்து கிடையாது என்பது நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சித்தப்பாவிடம் சொன்னால், "எத்தினி வருஷமா அடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? உங்க பெரியப்பா மில்லுல இருந்தாரு, அவரு எந்த மருந்தை அடிச்சாரு?" என்று மடக்குகிறார். ஒரு ஆளை வைத்துப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது, அதனால் நான் மரபணு, ஆய்வு என்று ஆரம்பிக்காமல் கூலிக் கணக்குக்கே போனேன். களை வெட்டுகிற மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆள் கூலியோடு சேர்த்தால் மருந்தைவிடக் கூடத்தான் ஆகும், ஆனால் மரத்தடியைச் சுத்தம் செய்வது பொறுக்குகிற பருவத்துக்கு முன்னால் எப்படியும் செய்ய வேண்டிய வேலை. சித்தி என் பக்கம். இந்த வருஷம் ரோட்டோரத் துண்டுக்கு மட்டும் மெஷின், மீதிக்கு அடிப்பதானால் முழுக்கை சட்டை, ரப்பர் கையுறை, பூட்ஸ், காற்றுக்கு எதிரே நிற்காமல் அடிப்பது, அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பது என்ற அளவில் பேசி முடித்திருக்கிறோம். பூட்ஸுக்கு மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.